என் படத்துக்கு ஒரு காகித மாலை

"நீ பார்க்காதே கவி. அந்தப் பக்கம் திரும்பு."

ரேவதி அக்கா தன் துப்பட்டாவை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துச் சுவரை மறைத்துக்கொண்டு நின்றார். அவருடைய பையிலிருந்து பசை டப்பா ஒன்று உருண்டு வராந்தாவின் நடுவே கிடந்தது. அதைக்கூட அவர் குனிந்து எடுக்கவில்லை.

என் கையில் என் மகள் மித்ரா மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில் இருந்தது. சட்டையில், பள்ளி அலுவலகத்தில் ஒட்டிக் கொடுத்த விசிட்டர் ஸ்டிக்கர். பாட்டிலைக் கொடுத்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு ஓட வேண்டும்.

யாராவது பார்க்காதே என்றால், பார்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அக்காவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

சுவரில் நான் இருந்தேன். கடற்கரையில் எடுத்த படம், முடி இருந்த காலத்துப் படம். காற்றில் கூந்தல் பறக்க, ஈ என்று சிரித்துக்கொண்டிருந்தேன். நெற்றியில் சிவப்பு மார்க்கரால் பெரிய பொட்டு. படத்தைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் காகிதச் செவ்வந்தி மாலை. கீழே ஒரு குட்டி மேசையில், பேட்டரியில் எரியும் மெழுகுவத்தி மினுக் மினுக்கென்று ஆடிக்கொண்டிருந்தது.

டெக்சஸில், காப்பெல் ஊரின் ஒரு தொடக்கப் பள்ளியில், இரண்டாம் வகுப்பு வராந்தாவில், என் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றியிருப்பதை நானே இரண்டு கண்ணாலும் பார்த்தேன். இந்தப் பாக்கியம் எல்லோருக்கும் கிடைக்காது.

காகித இலைகளின் காலம்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் பிரிக்கிறவர்களுக்கு ஒரு வரி. அந்த ஆண்டு எனக்கு மார்பகப் புற்றுநோய். கேன்சர் என்று வாயால் சொன்னால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல் எங்கள் தமிழ்க் கூட்டத்தில் எல்லோரும் அதை "உடம்பு சரியில்லாதது" என்றார்கள். நான் கேன்சர் என்றே சொன்னேன். மளிகைக் கடை வரிசையில் நின்றபடி சத்தமாகவே சொன்னேன். அதற்கும் என்மேல் சிலருக்கு வருத்தம்.

டெக்சஸில் இலையுதிர் காலம் பள்ளிக்கூடச் சுவரில்தான் வரும். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே சிவப்பும் மஞ்சளுமாகக் காகித இலைகள் ஒட்டியிருப்பார்கள். ஆகஸ்டில் பள்ளி திறந்துவிட்டால் ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும். பூசணிக்காய்த் தோட்டத்துக்குச் சுற்றுலா, பைஜாமாவோடு பள்ளிக்குப் போகும் நாள், தீபாவளி மேசை, ஹாலோவீன் ஊர்வலம். இவற்றையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளவே பெற்றோருக்குத் தனி மூளை வேண்டும். எனக்கு இருந்த ஒரு மூளையையும் கீமோ மந்தமாக்கி வைத்திருந்தது.

அதில் ஒரு நாள் கிரேஸி ஹேர் டே. பிள்ளைகள் தலைமுடியைக் கன்னாபின்னாவென்று அலங்கரித்துக்கொண்டு போக வேண்டும். மித்ராவுக்கு நான் குடுமி வைத்துப் பச்சை சாயம் அடித்துக்கொண்டிருந்தபோது அவள் என் மொட்டைத் தலையைப் பார்த்தாள்.

"அம்மா, கேன் ஐ டூ யுவர்ஸ் டூ?"

பண்ணு என்றேன். என் தலையில் மார்க்கரால் சூரியகாந்திப் பூக்களும், ஒரு பூனையும், காதுக்குப் பின்னால் ஒரு ரயிலும் வரைந்தாள். அப்படியே காரை ஓட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டேன். கார் கதவைத் திறந்துவிட நின்ற உடற்பயிற்சி ஆசிரியர் என் தலையைப் பார்த்துவிட்டு வாக்கிடாக்கியை நெஞ்சில் வைத்து வணக்கம் சொன்னார். பின்னால் நின்ற காரில் இருந்த தமிழ்க் குடும்பம் பார்வையைத் திருப்பிக்கொண்டது.

பள்ளியில் வைக்கும் தீபாவளி மேசைக்காக நானும் மித்ராவும் க்ரேப் காகிதத்தில் செவ்வந்திப் பூக்கள் செய்து கோத்தோம். ஊசியில் நூல் கோக்க என் விரல் நுனிகளுக்கு உணர்ச்சி இல்லை, மருந்தின் வேலை. நூலை அவள்தான் கோத்துக் கொடுத்தாள். மிஞ்சிப் போன மாலை ஒன்று அவள் பையில் கிடந்தது எனக்குத் தெரியாது.

கண்ணாடிக்கு உள்ளே, கண்ணாடிக்கு வெளியே

நமக்குப் படங்களைப் பற்றி ஒரு சட்டம் உண்டு. யாரும் சொல்லிக் கொடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்த சட்டம். மாலை கண்ணாடிக்கு உள்ளே இருந்தால் கல்யாணம். கண்ணாடிக்கு வெளியே இருந்தால் சாவு.

உயிரோடு இருக்கும் மனுஷருக்குக் கழுத்து ஒடிகிற அளவுக்கு மாலை போடுவோம். அவர் படத்துக்கு ஒரு பூ வைத்துவிட்டால் போச்சு.

கோபிச்செட்டிபாளையத்தில் என் அத்தை வீட்டுக் கூடத்தில் அத்தையின் பெரிய படம் ஒன்று மாட்டியிருக்கும். மித்ரா வயதில், என் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து அந்தச் சட்டத்தில் அழகாகச் சுற்றிவிட்டேன். அத்தை அப்போது அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். கூடத்துக்கு வந்து பார்த்தவர் முறுக்கு அச்சோடு என்னைத் துரத்தினார். அப்புறம் உப்பும் மிளகாயும் எடுத்துத் தனக்குத்தானே சுற்றிப் போட்டுக்கொண்டார்.

அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. வெகு காலம் இருந்தார். என் கல்யாணத்துக்கு வந்து, பந்தியில் பாயசம் தண்ணியாக இருக்கிறது என்று சமையல்காரரோடு சண்டையும் போட்டார்.

இந்த அத்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த வாரம் அவர் ரொம்ப உதவினார்.

எங்கள் காப்பெல் வீட்டில் சாமி அலமாரி ஒன்று உண்டு. முருகன், பிள்ளையார், லட்சுமி, பக்கத்தில் என் அப்பா. அப்பா படத்துக்குச் சந்தன மாலை. ஊரிலிருந்து புடவைக்குள் சுருட்டி எடுத்து வந்தது. வெள்ளிக்கிழமைகளில் மித்ராதான் அந்த அலமாரியைத் துடைப்பாள்.

பள்ளியில் அந்த வாரம் முன்னாள் ராணுவத்தினரைக் கௌரவிக்கும் நாள் வந்தது. வெட்டரன்ஸ் டே. வராந்தா முழுக்க ராணுவ உடையில் தாத்தாக்கள், மாமாக்கள் படங்கள். ராணுவத்தில் யாரும் இல்லாத பிள்ளைகள் தங்களுடைய ஹீரோ ஒருவரின் படத்தைக் கொண்டுவந்து, தங்கள் விருப்பப்படி அலங்கரிக்கலாம் என்று வகுப்பு ஆசிரியை மிஸஸ் வாக்கர் சொல்லியிருந்தார்.

மித்ரா தன் விருப்பப்படி அலங்கரித்திருந்தாள்.

அக்காவின் பை

ரேவதி அக்காவைப் பற்றித் தப்பாக நினைத்துவிடாதீர்கள். சென்னைக்காரர். இந்தப் பள்ளித் தமிழ்த் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அவர்தான் ராணி. எனக்குக் கீமோ நடக்கும் வியாழக்கிழமைகளில் ரசமும் பருப்புத் துவையலும் என் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். அன்று வராந்தாவில் படங்கள் ஒட்டுவதற்கு உதவ வந்திருந்தார்.

"அக்கா, துப்பட்டாவை எடுங்க. நான் பார்த்துட்டேன்" என்றேன்.

"ஐயோ, பார்த்துட்டியா? எந்த நேரத்துல எதைப் பார்க்கறது பாரு. கொழந்தைக்கு என்ன தெரியும், பாவம். நான் எடுத்துடறேன்."

"எடுக்காதீங்க. லஞ்ச்சுக்குப் போறப்ப அவ தேடுவா."

"மிஸ் கிட்ட நான் பேசிக்கறேன். உனக்கு ப்ளட் டெஸ்ட் இருக்குல்ல? நீ கெளம்பு மொதல்ல."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே படத்தைச் சுவரிலிருந்து உரித்துவிட்டார். மாலையோடு மடித்துப் பைக்குள் திணித்தார். மெழுகுவத்தியை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் அணைத்து மேசையிலேயே வைத்தார்.

நான் ஏன் அங்கேயே பிடித்துச் சண்டை போடவில்லை? உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிடம் எனக்கும் பயமாக இருந்தது. இவ்வளவு வாய் பேசுகிறவள், அந்தப் பொட்டையும் மாலையையும் இன்னொரு தடவை பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போய்க் கையை நீட்டினேன்.

காரின் பின் இருக்கை

மாலையில் அழைத்து வரப் போனேன். மித்ரா காரில் ஏறினாள். வழக்கமாகப் பெல்ட் போடும் முன்பே பேச்சு ஆரம்பித்துவிடும். அன்று பெல்ட்டை மட்டும் போட்டுக்கொண்டாள்.

சிக்னலைத் தாண்டியதும் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"அம்மா, ஆர் யூ கோயிங் டு டை பிகாஸ் ஆஃப் மீ?"

முதலில் கண்ணில் பட்ட மருந்துக் கடை வாசலில் காரை ஓரம் கட்டினேன். பின் இருக்கைக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. மாலை போட்ட படம் என்றால் செத்துப்போனவர்கள் படம் என்று ரேவதி அக்காவின் மகள் நிலா சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாளாம். மிஸஸ் வாக்கர் தனியாக அழைத்து, உங்கள் பண்பாட்டில் இது சரியில்லையாம், வேறு ஒன்று செய்துகொண்டு வா என்றாராம். ரொம்ப அன்பாகத்தான் சொன்னாராம். அதனால் இன்னும் பயம் கூடியிருக்கிறது.

"ஏன் கண்ணு மாலை போட்டே?" என்று கேட்டேன்.

"நம்ம ஷெல்ஃப்ல சாமி இருக்கு, தாத்தா இருக்கார். எவ்ரிபடி வி லவ் த மோஸ்ட். யூ ஆர் நாட் தேர், அம்மா."

அவ்வளவுதான் விஷயம். வீட்டில் மிக உயர்ந்தவர்கள் இருக்கிற இடத்தில் அம்மா மட்டும் இல்லை. அந்தக் குறையை அவள் தீர்த்து வைத்திருக்கிறாள்.

கேன்சர் என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. முடி கொட்டியபோதும் வரவில்லை. அந்த மருந்துக் கடை வாசலில் வந்தது. என் நோய் என் உடம்போடு நிற்க வேண்டும். என் பிள்ளையின் தலையில் அதை ஏற்ற யாருக்கும் அனுமதி இல்லை.

சாகமாட்டேன் என்று அவளுக்கு நான் சத்தியம் செய்ய முடியாது. டாக்டரே செய்யாத சத்தியம் அது. "உன்னால எனக்கு ஒண்ணும் ஆகாது கண்ணு, சத்தியம்" என்று அவள் உள்ளங்கையில் அடித்தேன்.

"தென் வொய் டிட் ஆன்ட்டி டேக் இட் டவுன்?"

முன் இருக்கைக்குப் போய்க் காரைக் கிளப்பினேன். செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது.

எதுக்கு வம்பு

"எதுக்கு வம்பு கவி?" என்றார் என் கணவர் செந்தில். "மிஸ்ஸே வேற பண்ணச் சொல்லிட்டாங்க. பலூன் கிலூன் ஒட்டி ஒண்ணு பண்ணிக் குடுத்தரலாம்."

"அதே படம், அதே மாலை, அதே செவுத்துக்குப் போகோணும்."

"என்னால அதைப் பார்க்க முடியாது புள்ள." பாத்திரம் கழுவிக்கொண்டே, முகத்தைக் காட்டாமல் சொன்னார்.

"நீங்க பார்க்க வேண்டாங்க. அவ பார்க்கோணும். இப்ப எடுத்துட்டு நான் பொழைச்சுட்டேன்னு வைங்க, மாலையை எடுத்ததாலதான் பொழைச்சேன்னு நினைப்பா. செத்துட்டேன்னு வைங்க, தான் போட்டதாலதான் செத்தேன்னு ஆயுசுக்கும் நினைப்பா. மாலை அங்கயே கெடக்கோணும். மறுநாள் காலையில அம்மா தோசை சுடறதை அவ பார்க்கோணும். அதுக்கும் மறுநாளும் பார்க்கோணும்."

செந்தில் குழாயை மூடினார். துண்டில் கையைத் துடைத்தார். பிறகு கார் சாவியை எடுத்து, "வா, நானே ஓட்டறேன்" என்றார்.

ரேவதி அக்கா வீட்டில் எல்லா ஜன்னல்களும் திறந்து கிடந்தன. மிளகாய் நெடி தெருவரைக்கும் வந்தது. என் படத்துக்குச் சுற்றிய உப்பையும் மிளகாயையும் அடுப்பில் போட்டு, புகை அலாரம் அலறி, அவருடைய கணவர் நாற்காலி மேல் ஏறி அதைத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

"சுத்திப் போட்டுட்டேன். இனிமே ஒண்ணும் ஆகாது" என்றார் அக்கா, இருமிக்கொண்டே.

"படத்தைக் குடுங்கக்கா. மாலையையும் குடுங்க."

"எதுக்கு?"

"நாளைக்குத் திரும்ப மாட்டப் போறேன்."

அக்காவின் முகம் மாறியது. "உனக்கு என்ன பைத்தியமா? எங்க அக்காவுக்கும் இதே வியாதிதான். அவ போட்டோவுக்கு நான்தான் மாலை போட்டேன். இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாதுடி."

அந்த அக்காவைப் பற்றி அவர் அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. வியாழக்கிழமை ரசம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. ஆனாலும் நான் இளகவில்லை.

"உங்களை யாருங்க போடச் சொன்னாங்க? போட்டது என்ற புள்ளை. உசிரோட இருக்கிறவளுக்குப் போட்டிருக்கா. என்ற அத்தைக்கு நான் மல்லிகைச் சரமே போட்டேன், அவங்க அதுக்கப்புறம் எத்தனை கல்யாணத்துல சாப்பிட்டாங்க தெரியுமா? உங்க நிலா சொன்னதைக் கேட்டு மித்ரா, தானே என்னைக் கொன்னுட்டதா நினைச்சுட்டு இருக்கா. அதுக்கு எந்த மொளகாயைச் சுத்தறது, சொல்லுங்க."

அக்கா உள்ளே போய்ப் படத்தைக் கொண்டுவந்தார். மாலை பையில் நசுங்கி, பூக்கள் அப்பளமாகியிருந்தன. என் கையில் கொடுக்கும் முன் ஒரு பூவை மட்டும் விரலால் நிமிர்த்திவிட்டார்.

உள்ளேன்

மறுநாள் காலை மிஸஸ் வாக்கர் சங்கடப்பட்டார். நல்ல மனுஷி. யார் மனதையும் புண்படுத்திவிடக் கூடாது என்பதே அவருக்குப் பெரிய கவலை. "உங்கள் பண்பாட்டுக்கு இது விரோதம் என்று சொன்னார்களே" என்றார்.

"எங்கள் பண்பாடு இதோ தலையில் முடியில்லாமல் உங்கள் முன்னால் நிற்கிறது. அதற்கு ஆட்சேபணை இல்லை" என்றேன்.

மித்ராவே தன் கையால் ஒட்டினாள். மாலையை மாட்டினாள். மெழுகுவத்தியின் ஸ்விட்சைப் போட்டாள். போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் விழவில்லை. இன்னொரு முறை பார்த்தாள். அப்போதும் நின்றுகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜிம்மில் விழா. பேண்டு வாசிக்க, முன்னாள் ராணுவத்தினர் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு ஒரு தாத்தா எழ வெகு நேரம் ஆயிற்று. அவர் எழும்வரை பிள்ளைகள் கை தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

செந்தில் எனக்கு ஒரு பக்கம். மறுபக்கம் ரேவதி அக்கா வந்து உட்கார்ந்தார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இறுக்கிக்கொண்டார்.

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் படத்தைப் பிடித்துக்கொண்டு மைக்கில் ஒரு வரி சொல்ல வேண்டும். ஒரு பையனின் ஹீரோ அவன் நாய். இன்னொருத்திக்குத் தீயணைப்பு வீரரான மாமா. அப்புறம் மித்ரா வந்தாள். நசுங்கிய மாலையோடு என் படம் அவள் நெஞ்சளவுக்கு இருந்தது. தமிழர்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மை ஹீரோ இஸ் மை அம்மா" என்றாள். நிலா உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தாள். "ஷி இஸ் நாட் டெட். ஷி இஸ் சிட்டிங் ஓவர் தேர்."

ஜிம்மே திரும்பிப் பார்த்தது.

தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன். கோபிச்செட்டிபாளையம் பள்ளியில் வருகைப் பதிவுக்குச் சொல்வோமே, அது தானாக வாயில் வந்தது.

"உள்ளேன் டீச்சர்!"

தமிழ் தெரியாதவர்களும் சிரித்தார்கள். கை தட்டினார்கள். மேடையில் மித்ரா சிரித்த சிரிப்பில் அவளுக்கு விழுந்திருந்த முன்பல் இடைவெளி கடைசி வரிசை வரை தெரிந்தது. செந்தில் போனை உயரத் தூக்கிப் படம் பிடிக்கிறேன் என்று தன் கட்டைவிரலைப் பிடித்திருந்தார். ரேவதி அக்கா தலையைக் குனிந்துகொண்டு அழுதார். என் கையை விடவில்லை.

இப்போது முடி வளர்ந்துவிட்டது, முன்பு இல்லாத சுருட்டையோடு. ஸ்கேன் எடுக்கும் நாட்களில் எனக்கு இன்னமும் சோறு இறங்காது. பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பயத்துக்கு என் வீட்டில் இடம் உண்டு, அதிகாரம் கிடையாது.

அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டோம். எங்கள் சாமி அலமாரியில், அப்பாவுக்குப் பக்கத்தில், மாலையோடு இருக்கிறது. மாலை கண்ணாடிக்கு வெளியேதான். ஒவ்வொரு தீபாவளிக்கும் மித்ரா புதுக் காகிதத்தில் கோத்து மாற்றுகிறாள்.

சமீபத்தில் ரவுண்ட் ராக் ஊரிலிருந்து எங்கள் தெருவுக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பம் ஒன்று முதல் தடவையாக வீட்டுக்கு வந்தது. நான் உள்ளே காபி கலந்துகொண்டிருந்தேன். வந்தவர் அலமாரியைப் பார்த்திருக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போய்க் கை கூப்பியிருக்கிறார். பிறகு செந்திலின் தோளில் கை வைத்துத் தணிந்த குரலில் கேட்டது எனக்குக் கேட்டது.

"எப்பங்க ஆச்சு?"

நான் தட்டோடு வெளியே வந்தேன்.

"இன்னும் ஆகலீங்க. உங்களுக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன்?"